மேட்டாங்குப்பம் குடியரசில் ஒரு சாவு

எங்கள் குப்பம் தனி நாடாகப் பிரிந்த அன்று காலை நான் கடை வாசலில் உளுந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். சென்னை யானைக்கவுனியில் ஏற்றும்போது அது உள்நாட்டுச் சரக்கு. இறக்கும்போது ஏற்றுமதிச் சரக்காகிவிட்டது. வண்டிக்காரனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"எங்கள் குப்பம்" என்று நான் சொல்லிக்கொள்வதே அதிகப்படி. என் பெயர் ஜெபசிங், ஊர் சாத்தான்குளம் பக்கம். முப்பது வருஷமாகக் காத்திவாக்கம் தாண்டி, எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய மேட்டாங்குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இங்கே யாருக்கும் என் பெயர் தேவைப்பட்டதில்லை, அண்ணாச்சி என்றால் போதும். நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவார்கள். ஊர்க் கூட்டத்தில் மட்டும் வெளியே நிற்க வேண்டும்.

அன்றும் வெளியேதான் நின்றேன். கங்கையம்மன் கோயில் முன்னால் மணலில் ஆம்பிளைகள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்த் தலைவர் திருமுருகன் மைக்கைப் பிடித்து ஒரு காகிதத்தை வாசித்தான். இன்று முதல் மேட்டாங்குப்பம் தனிக் குடியரசு, கழிமுகமும் கண்ணுக்கெட்டிய கடலும் அதன் எல்லை, இனி எந்த அரசாங்கத்திடமும் எதையும் கேட்பதில்லை. நீலத் தார்ப்பாயில் மீன் வரைந்து கொடி ஏற்றினார்கள். கைதட்டல் முடிந்ததும் நான் சிரித்துவிட்டேன். திருமுருகன் என்னைப் பார்த்து, "சிரிக்காத அண்ணாச்சி, இன்னிலேர்ந்து நீ ஃபாரினரு" என்றான். கூட்டமே சிரித்தது.

சிரித்தேனே தவிர, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் வந்த புதிதில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று இறால் தடவிய இடத்தில் இன்று சாம்பல் சேறு கணுக்கால் வரை நிற்கிறது. ஆலைகளிலிருந்து சுடுதண்ணீர் வருகிறது, எண்ணெய் வருகிறது. கேட்டால் எங்களுடையது இல்லை என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவர்கள் அழுது அழுது தொண்டை கட்டியதுதான் மிச்சம். மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், கடைசியில் நாடு பிரிந்தார்கள்.

ஆனால் குடியரசு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்தது ஊர்க் கட்டுப்பாடு ஒன்றுதான். அதையே சட்டமாக்கினார்கள். மூன்று நாளைக்கு ஒருவரும் கடலுக்குப் போகக் கூடாது. போனால் ஊர் விலக்கு. ஊர் விலக்கு என்றால் சாதாரணமில்லை. அந்த வீட்டோடு யாரும் பேச மாட்டார்கள், நெருப்புப் பெட்டி கூடக் கொடுக்க மாட்டார்கள், கல்யாணத்துக்கும் வர மாட்டார்கள், சாவுக்கும் வர மாட்டார்கள். யாரும் ஏமாற்றக் கூடாதென்று, ஒவ்வொரு போட் என்ஜினிலிருந்தும் தண்ணீரைத் தள்ளும் விசிறியைக் கழற்றி, அம்மன் காலடியில் குவித்து, கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கி, கருவறையைப் பூட்டினார்கள். மூன்றாம் நாள் முடியாமல் திறந்தால் அம்மன் கேட்பாள் என்று பெரியவர் செல்வம் சொன்னார். அவர் சொன்னால் அம்மனே சொன்ன மாதிரி.

பத்திரிகைக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் திருமுருகன் செல்போனில் ஓர் அறிக்கை அனுப்பினான். "எங்கள் குடிகளில் ஒருவரும் கடலில் இல்லை. எங்கள் கடல் மூடப்பட்டது." எனக்கும் அனுப்பியிருந்தான், வெளிநாட்டுத் தூதர் என்ற முறையில்.

போலீஸ் வரும், தடியடி நடக்கும் என்று பயந்து பெண்கள் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். ஒருவரும் வரவில்லை. ஒரு டிவி வண்டி வந்து, கொடியைப் படம் பிடித்துவிட்டு, வெயில் ஏறியதும் போய்விட்டது. கரண்டு மீட்டர் பார்க்கிறவர் எப்போதும்போல வந்து கணக்கெடுத்தார், என் கடையில் சோடா குடித்தார், கொடி நல்லாயிருக்கிறது என்றார். நம்மை அடக்கக்கூட ஒரு நாய் வரவில்லையே என்று திருமுருகன் அன்று சாயங்காலம் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அடிப்பார்கள் என்று முதுகைக் காட்டி நின்றவனை யாரும் திரும்பிப் பார்க்காமல் போவதைப்போல அவமானம் வேறு கிடையாது.

இரண்டாம் நாள் காலை, நன்றாக விடிந்து கடையில் கூட்டம் குறைந்த பிறகு, சிவந்தி வந்தாள். திருமுருகனின் கூடப்பிறந்த தங்கை. புருஷன் வெற்றி, ஊரிலேயே கெட்டிக்கார வலைக்காரன், வாயைத் திறந்தால் கேலிதான். ஒரே ஒரு பெண் பிள்ளை, ஜோதிகா, இரண்டாம் வகுப்பு. சிவந்தி எதுவும் வாங்கவில்லை. அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா வேணும்னு கேக்காத அண்ணாச்சி. ஒண்ணு சொல்றேன், வெளிய உடாத. அவரு கடலுக்குப் போய்க்கீறாரு."

"யாரு, வெற்றியா? என்ஜினு இல்லாமயா?"

"கட்டுமரத்த இஸ்துகினு போய்ட்டாரு. கும்மிருட்டுல போனாரு. வெள்ளாப்புல, விடியறப்பவே வந்துடறேன்னாரு."

நான் வெளியே பார்த்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. வாடைக் காற்று கொடியை ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. இந்தக் காற்றில் நீரோட்டம் தெற்கே சென்னைத் துறைமுகப் பக்கம் இழுக்கும் என்று எனக்கே தெரியும். கட்டுமரத்தில் துடுப்புப் போட்டு ஒற்றை ஆள் எதிர்த்து வர முடியாது.

"எதுக்கும்மா போனான்? மூணே நாளு பொறுக்க முடியாதா?"

"மய பேஞ்சி ஆத்துத் தண்ணி முகத்துவாரத்த ஒடச்சிகினு பூந்துச்சில்ல. அந்தக் கலங்கல்ல இறாலு வெளிய எறங்கும். ரெண்டு நாளுதான் கெடைக்கும், அப்பால அடுத்த மயக்குத்தான். இந்த வருசம் பூரா இதுக்காகத்தான் குந்திகினு இருந்தாரு. உங்க அண்ணன் குடியரசு போட்டுகீறாருன்னு இறாலுகிட்ட போய் சொல்லு, நாளன்னிக்கு வரச் சொல்லுன்னு சிரிச்சிகினே போனாரு."

சொல்லும்போது அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

விடிந்ததிலிருந்து அவள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊர் விலக்கு. அதுவும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் அவள் அண்ணன். இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று நேரத்தை ஓட்டியிருக்கிறாள். வெளியூர்க்காரனிடம் சொன்னால் ஊரிடம் சொன்னதாகாது என்று கடைசியில் என்னிடம் வந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. பிறகு அந்தக் கட்டுப்பாட்டின்மேல் வந்தது. கோபத்தில் என்ன இருக்கிறது, ஆள் கடலில் கிடக்கிறான்.

அவள் எதிரிலேயே கடலில் ஆபத்து என்றால் கூப்பிடச் சொல்லும் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்த ஆள் மரியாதையாகத்தான் பேசினார். போட் நம்பர் கேட்டார். கட்டுமரத்துக்கு ஏது நம்பர் என்றேன். எந்த ஊர் என்றார். சொன்னேன்.

"சார், அந்த ஊர்லேர்ந்து ஒருத்தரும் கடல்ல இல்லைன்னு உங்க தலைவரே எழுதி அனுப்பியிருக்காரே. தனி நாடுன்னுகூட இருக்குது."

"அது நேத்தைக்குள்ளது. இப்ப ஒருத்தன் போயிருக்கான்னு நான் சொல்லுதேன்லா."

"அப்ப தலைவரைப் பேசச் சொல்லுங்க சார். அவர் எழுதினதை அவர்தான் மாத்தணும். காத்து வேற பலமா இருக்குது, தப்பான தகவலுக்குப் படகை அனுப்ப முடியாது."

போனின் சத்தம் சிவந்திக்கும் கேட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்போ எங்க அண்ணனே எங்க வூட்டுக்காரரு இல்லன்னு எய்தி குடுத்துட்டாரு" என்றாள். அழுகையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கோயிலைப் பார்த்து நடந்தாள். நான் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

கோயில் முன்னால் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. குடியரசுக்கு அடுத்து என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆம்பிளைகள் உட்கார்ந்த வட்டத்துக்குள் பெண் கால் வைப்பதில்லை. அவளுக்காக அவள் வீட்டு ஆண்தான் எழுந்து பேச வேண்டும். அந்த ஆண் கடலில் இருந்தான். சிவந்தி நேராக உள்ளே போய் நடுவில் நின்றாள்.

"அவரு கடலுக்குப் போய்ட்டாரு. இன்னும் வரல. எல்லாரும் போங்க. போய் இட்டுகினு வாங்க."

திருமுருகன் கையிலிருந்த மைக் கரகரவென்று சத்தம் போட்டது. தலைவரும் அண்ணனும் ஒரே உடம்பில் மல்லுக்கட்டுவதை நான் பார்த்தேன். முதலில் அண்ணன்தான் ஜெயித்தான். "விசிறிய எடுங்கடா" என்று எழுந்தான்.

"குந்து தலைவரே" என்றார் பெரியவர் செல்வம். "கற்பூரம் அடிச்சி வெச்சது. மூணாம் நாளுதான் பூட்ட தொடணும். எல்லா வூட்டுலயும் புள்ளைங்க கீது. ஒருத்தன் பண்ண தப்புக்கு ஊரே சாமி குத்தத்த சொமக்க முடியாது."

"வேய், அங்க உயிரு போகுது!" என்று நான் கத்தினேன்.

"அண்ணாச்சி, இது ஊரு விசயம். நீ வெளிய நில்லு" என்றார் பெரியவர்.

கடைசியில் அம்மனையே கேட்பது என்று முடிவானது. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனி இலையில் சுருட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். ஒரு சின்னக் குழந்தை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு. பூவுக்கு ஆள் போனது, இலைக்கு ஆள் போனது. யார் வீட்டிலிருந்தோ ஒரு பாப்பாவைத் தூக்கி வந்தார்கள். முதல் தரம் சிவப்பு. மூன்று தரம் கேட்பதுதான் முறை என்று ஒருவர் சொல்ல, மறுபடி பூச் சுருட்டினார்கள். மறுபடி சிவப்பு. மூன்றாம் தரத்துக்கு இலையை மடிக்கும்போது சிவந்தி பாய்ந்து இரண்டு பொட்டலத்தையும் பிடுங்கித் தூர எறிந்தாள்.

"பொம்பளதான உள்ள குந்திகினு கீறா? அவளுக்குத் தெரியாதா? பூட்ட தொற அண்ணா!"

திருமுருகன் யாரையும் பார்க்கவில்லை. போய்ப் பூட்டைத் திறந்தான்.

திறந்த பிறகுதான் அடுத்த கஷ்டம். அத்தனை விசிறிகளும் ஒரே குவியலாகக் கிடந்தன. எது யாருடையது என்று ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவற்றை என்ஜினோடு பிடித்து நிறுத்தும் பின்களை யாரோ ஒரே வாளியில் கொட்டி வைத்திருந்தார்கள். ஒன்று பெரிதாக இருந்தது, ஒன்று சிறிதாக இருந்தது. சத்தியம் வாங்கும் அவசரத்தில் பிரித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மூன்று நாள் கழித்துச் சாவகாசமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். ஆம்பிளைகள் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள், மாட்டிப் பார்த்தார்கள், ஒருவனை ஒருவன் திட்டினார்கள். ஒருவரும் மனதறிந்து தாமதம் செய்யவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் போட் முகத்துவாரத்தைத் தாண்டும்போது வெயில் தலைக்கு மேலே ஏறியிருந்தது. திருமுருகன் அதில் இருந்தான். போகிற போக்கில் போனில் அதிகாரிகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். எங்கள் குடிகளில் ஒருவன் கடலில் இருக்கிறான் சார், ஆமாம் சார், நாங்கள் இந்தியாதான் சார், மன்னிச்சுக்கோங்க சார். குடியரசு அங்கேயே முடிந்துவிட்டது.

அரசாங்கப் படகும் பிறகு வந்தது. எல்லாரும் தேடினார்கள். பொழுது சாயும் முன் கட்டுமரம் கிடைத்தது. துறைமுகத்தின் கல்தடுப்பில் கவிழ்ந்து மோதிக்கொண்டிருந்தது. வலையை மரத்தோடு கட்டியிருந்தான். வலை நிறைய இறால். கொழுத்த, நல்ல இறால். அவன் கணக்கு தப்பவில்லை. மறுநாள் காலை திருவொற்றியூர்க் கடற்கரைப் பாறைகளுக்கு நடுவில் வெற்றி கிடைத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் கிடத்தினோம். எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால் ஊர்தான் பறைக்காரரை அழைக்கும், ஊர்தான் பாடை கட்டும், ஊர்தான் தூக்கும். பறை அடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் கதவிடுக்கில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். வாசலைத் தாண்டி ஒருத்தியும் வரவில்லை. ஜோதிகா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஊர்க் கூட்டம் மறுபடி கூடியது. கட்டுப்பாட்டை மீறினவனை ஊர் எப்படித் தூக்கும்? மீறினவனுக்காகச் சாமி பூட்டை வேறு திறந்தாயிற்று. அதற்குள்ளேயே இரண்டு பேருக்குக் காய்ச்சல், சாமி குத்தம்தான் என்று பேச்சு ஓடியது. பெரியவர் செல்வமே ஒரு வழி கண்டுபிடித்தார். கொடுமைக்காரர் இல்லை அவர். ஊரும் வேண்டும், சாமியும் வேண்டும், பிணமும் நல்லபடியாகப் போக வேண்டும். திருமுருகன் வந்து அதைத் தங்கையிடம் சொன்னான். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே சொன்னான்.

"சிவந்தி, ஒரு வார்த்த சொன்னா போதும்மா. எல்லையக் காவல் காக்கத் தலைவருதான் அனுப்புனாருன்னு சொல்லிடு. ஆமா, நான்தான் அனுப்புனேன்னு நான் ஏத்துக்கறேன். அப்போ அவன் கட்டுப்பாட்ட மீறல. பூட்டத் தொறந்ததும் ஊரு காரியத்துக்குத்தான். மோளம், மாலை, போஸ்டரு, எல்லாம் ஊரே பாத்துக்கும். நம்ப நாட்டுக்காவ உயிர குடுத்த மொத ஆளுன்னு போடுவாங்கோ."

"இன்னா காவலுண்ணா? யாருகிட்டேர்ந்து காவலு? யாரு வந்தாங்க?"

"நாலு பேரு வேணும்மா" என்று மட்டும் சொன்னான்.

அதுவும் நிஜம்தான். சம்மதம் சொல் தாயி என்று நானும் மனசுக்குள் சொன்னேன். செத்தவனுக்குப் பொய் என்ன, நிஜம் என்ன? நாளைக்கு நீயும் பிள்ளையும் இந்த மணலில்தானே வாழ வேண்டும்.

சொல்வதற்காகவே அவளை வட்டத்துக்குள் அழைத்தார்கள். பெண் ஒருத்தியை ஊரே கூப்பிட்டு நடுவில் நிறுத்தியது அன்றுதான் முதல் தடவை. அவள் ஜோதிகாவையும் கையில் பிடித்துப் போனாள். எல்லாரும் தலை குனிந்து, அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் எழுந்து ஓடிப்போய்ப் பாடை கட்டத் தயாராக இருந்தார்கள். ஓரத்தில் மூங்கிலைக்கூட வெட்டி வைத்திருந்தார்கள்.

"அவரு இறாலு புடிக்கப் போனாரு" என்றாள் சிவந்தி.

குனிந்த தலைகள் நிமிர்ந்தன.

"யாரும் அனுப்பல. தொயிலுக்குப் போனாரு. அவரு அப்பன் போனதும் அதுக்குத்தான், நீங்க போறதும் அதுக்குத்தான். இத்த நான் மாத்திச் சொன்னா இந்தப் பொண்ணு ஆயுசுக்கும் போஸ்டரத்தான் அப்பன்னு பாக்கும். அன்னிக்குக் காலையில சொல்லாம நின்னேன், அவரு போய்ச் சேந்துட்டாரு. இப்பவும் வாய மூடிகினு நிக்க என்னால முடியாது."

பெரியவர் செல்வம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கையூன்றி எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். அவர் நடந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வெற்றியோடு ஒரே படகில் தொழில் செய்தவன் ஒருவன் நின்று நின்று பார்த்துவிட்டு, மனைவி கூப்பிட்டதும் அழுதுகொண்டே போனான். அவர்களைத் திட்ட எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் விலக்கப்பட்ட வீட்டோடு சேர்ந்தவனையும் ஊர் விலக்கும். அவர்களுக்கும் வலை இழுக்க ஆள் வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். நாடு பிரிந்தவர்களுக்கு ஊரைப் பிரிய முடியவில்லை.

மணலில் திருமுருகன் மட்டும் உட்கார்ந்திருந்தான். பிறகு தலைவர் துண்டை மடித்துக் கோயில் படியில் வைத்துவிட்டு, மூங்கிலைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தான். நானும் அவனும் பாடை கட்டினோம். எனக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை, அவன் போட்ட முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருந்தது. சிவந்திதான் இழுத்துக் கட்டினாள். சரக்கு ஏற்றும் கடை வண்டியில் கொண்டுபோய்விடலாமே என்று கேட்டேன்.

"சரக்கா அண்ணாச்சி?" என்றாள்.

முன்னால் ஒரு பக்கம் நான், மறு பக்கம் அவள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை என்று சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை. பின்னால் திருமுருகன் ஒருவனே நடுவில் நின்று இரண்டு கம்புகளையும் கையில் பிடித்தான். ஜோதிகா மண்சட்டியோடு முன்னே நடந்தாள். தெரு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். கதவுகளுக்குப் பின்னாலிருந்து தும்மல் கேட்டது, பிள்ளையை அடக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் மூன்று உயரம். வெற்றி அவள் பக்கமாகவே சாய்ந்து போனான். வழி நெடுக அவள் ஒரு கையால் கம்பையும் மறு கையால் அவனையும் பிடித்துக்கொண்டே வந்தாள்.